ஓட்டில்லாதவருக்காக மனு எழுதுவது எப்படி

இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் இருக்கும் ஒருவருக்காக மனு எழுத உட்காருகிறீர்கள் என்றால், உங்களிடம் இருப்பது என்ன, அவரிடம் இல்லாதது என்ன என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று தண்ணி வரலை என்று சத்தம் போடலாம். எம்.எல்.ஏ. ஊருக்குள் வந்தால் காரை நிறுத்திக் கேட்கலாம். குறுக்குப்பட்டி முகாமிலோ பவளத்தானூர் முகாமிலோ முப்பது வருடத்துக்கும் மேலாகக் குடியிருப்பவருக்கு அது முடியாது. இங்கேயே பிறந்து, தாரமங்கலத்தில் படித்து, சேலத்தில் வீடு வீடாகப் பெயிண்ட் அடிக்கப் போகிற அவருடைய பையனுக்கும் முடியாது. ஓட்டு இருப்பவர் கொடுக்கும் மனுவுக்கு, அதில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், கொஞ்சம் மரியாதை உண்டு. ஓட்டு இல்லாதவர் மனுவில் தேதி, சட்டப்பிரிவு, அத்தாட்சி மூன்றும் இருந்தால்தான் அதை மேசையில் வைத்துப் படிப்பார்கள்.

சேலம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதுவது என் தொழில். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று தினமும் வரும். முகாம் மனுக்களை எப்படி எழுதுவது என்று எனக்குக் காட்டியவர் ஒரு பெரியவர். எழுபதுகளின் கடைசியில் இலங்கையில் மன்னார்ப் பக்கத்தில் கிராமாட்சி மன்ற உறுப்பினராக இருந்தவர். 1981ல் அந்த மன்றங்களைக் கலைத்துவிட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகளைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அந்தச் சபைகளுக்குத் தேர்தல் நடந்த நாட்களில்தான் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஆகஸ்டில் வந்த, தனிநாடு கேட்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொன்ன ஆறாவது அரசியல் திருத்தத்தால் தமிழ் எம்.பி.க்களும் நாடாளுமன்றத்தில் இடம் இழந்தார்கள். கிராமத்திலிருந்து கொழும்பு வரைக்கும் பேச ஓர் இடமும் மிச்சமில்லை என்பார். 1990ல் படகேறி வந்தார். பதவி போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் முகாமில் எல்லோரும் அவரை மெம்பர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

அவர் செய்கிற முதல் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நோட்டு போடுங்கள்

ஒரு நீள நோட்டு வாங்கி, வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குடும்பத் தலைவர் பெயர், ஒவ்வொருவரும் பிறந்த ஊர், பிறந்த தேதி, இந்தியாவுக்கு வந்த தேதி, எந்தக் கரையில் இறங்கினார்கள், முதலில் எந்த முகாமில் பதிந்தார்கள், கையில் என்னென்ன காகிதம் இருக்கிறது. அம்மாவின் பிறந்த ஊரும் அப்பாவின் பிறந்த ஊரும் தனித்தனியாக. முகாமுக்கு எத்தனை குழாய், எத்தனை தெருவிளக்கு, எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதற்குக் கடைசியில் ஒரு பக்கம். "ஊருக்கு எத்தனை கிணறு எண்டு தெரியாதவன் அந்த ஊருக்காகக் கதைக்கக் கூடாது, தம்பி" என்று என்னிடம் சொன்னார் மெம்பர். அவர் நோட்டு அப்படித்தான் இருக்கும்.

இந்த நோட்டை அலுவலகத்தில் யாருக்கும் கொடுக்காதீர்கள், போட்டோ எடுத்து எங்கும் போடாதீர்கள். அது அந்தக் குடும்பங்களின் சொத்து.

பிறகு பிரியுங்கள்

ஒரே முகாமில் அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் ஒரே மாதிரி கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து 'குடியுரிமை வழங்க வேண்டுகிறோம்' என்று ஒரே மனு எழுதினால் அது ஒருவருக்கும் பலன் தராது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் எதில் வருகிறார் என்று பாருங்கள்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, 1950 ஜனவரி 26லிருந்து 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் யார், எந்த நாட்டவர் என்ற கேள்வியே அங்கே எழாது. 1987 ஜூலை 1லிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால், தாய் தகப்பனில் ஒருவர் அந்தச் சமயத்தில் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடினம். இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற வரையறைக்குள் வராமல் இருக்க வேண்டும்.

இதில் முதல் வகையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு முதல் அலையாக வந்தவர்களுக்கு இங்கே குழந்தை பிறந்தது. 1987 ஜூலை 29ல் இந்திய இலங்கை ஒப்பந்தம் ஆனதும், சண்டை ஓய்ந்துவிட்டது என்று நம்பிப் பலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1990ல் மறுபடி சண்டை மூண்டதும் அதே குழந்தை படகில் திரும்பி வந்தது. ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் முகாமில் பதிந்தபோது 'இலங்கையிலிருந்து வந்தவர்' என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயது. தான் இந்தியக் குடிமகன் என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே நாற்பதை ஒட்டிய வயதில் யாரையாவது பார்த்தால், அவரை விட்டுவிட்டு அவருடைய அம்மாவிடம் போய் உட்காருங்கள். "முதல் தடவை வந்தப்போ இவன் வயித்துல இருந்தானா, கைல இருந்தானா?" என்று கேளுங்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி, மருத்துவச்சி யார், மழைக்காலமா, பக்கத்துப் படுக்கையில் யார் இருந்தார்கள், எல்லாம் அம்மாமார் நினைவில் இருக்கும். ஊர் தெரிந்துவிட்டால் அந்த ஊர்ப் பிறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம். பெயர் போடாத பதிவாக இருந்தாலும், தாய் தகப்பன் பெயரும் தேதியும் இருந்தால் போதும். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பதிவே இல்லை என்றால், 'பதிவு இல்லை' என்ற சான்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். ஓராண்டு தாண்டிய பிறப்பை அவருடைய உத்தரவு இருந்தால்தான் பதிவார்கள்.

இது வீண் அலைச்சல் இல்லை. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டுப் போட்டார். முகாமிலிருந்து போய் வாக்குச்சாவடியில் விரலில் மை வைத்துக்கொண்ட முதல் ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தியை மெம்பருக்குப் படித்துக் காட்டியபோது, தேதியை மறுபடி சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு வகை மலையகத் தமிழர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வடக்கே போய், அங்கிருந்து அகதியாக வந்தவர்கள். இவர்களுடைய தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து போனவர்கள். வீட்டில் பழைய தகரப்பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த காகிதம், பழைய இந்திய பாஸ்போர்ட், தோட்டத்தில் பேர் பதிந்த சீட்டு எது இருந்தாலும் நகல் எடுங்கள். இப்படிப்பட்ட 65 பேர் போட்ட வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. மனுவில் 'பார்வை' என்ற இடத்தில் இதைக் குறிப்பிடுங்கள்.

மிச்சமுள்ள பெரும்பாலோர் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய இங்கே பிறந்த பிள்ளைகளும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை தரும் நாடுகளில் இலங்கை இடம்பெறவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இரண்டும் அவர்களுக்குப் பாதகம்தான். ஆனால் 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல், பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கூடாது என்று விலக்கு கொடுத்திருக்கிறது. இது குடியுரிமை ஆகிவிடாது, இதைக் காட்டி ஓட்டு கேட்க முடியாது. வீணாக யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். ஆனால் 'நீ சட்டவிரோதமாக இருக்கிறாய்' என்று யாராவது மிரட்டினால் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அதோடு, 1996ல், இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து அகதிகளாக வந்த சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்து எழுதலாம்: அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதவருக்கும் உண்டு.

மனு எழுதும்போது

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. கூரையும் குடியுரிமையும் காலேஜ் சீட்டும் ஒரே தாளில் வந்தால், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் கிளார்க் அதை அடியில் வைத்துவிடுவார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, அப்புறம் விஷயம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

அனுப்புநர் பெயரில் கவனம் வேண்டும். இலங்கையில் 'பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்' என்று கொடுத்ததில் ஒரு எழுத்துக்கூட்டல், முகாம் பதிவேட்டில் வேறு, ஆதாரில் வேறு, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று என்று இருக்கும். நான்கையும் பக்கத்தில் வைத்து, எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி மனுவிலேயே எழுதிவிடுங்கள். இது ஒன்றுக்காகவே திருப்பி அனுப்பப்படும் மனுக்கள் ஏராளம்.

'காலில் விழுந்து கேட்கிறோம்', 'தெய்வமாக நினைக்கிறோம்' என்பதையெல்லாம் நான் எழுத மாட்டேன். வருகிறவர்களே எழுதச் சொல்வார்கள், அப்போதும் மாட்டேன். பிரிவு எண்ணும் தேதியும் இருக்கும் இடத்தில் கெஞ்சல் வந்தால், படிப்பவர் இதைத் தர்மம் கேட்பதாக எடுத்துக்கொள்வார். மரியாதையாக எழுதுங்கள், நிமிர்ந்து எழுதுங்கள்.

இந்த எண்ணம் எனக்கு மெம்பர் வழியாக வந்தது, அவருக்கு வேறொருவர் வழியாக வந்தது. எஸ்.சி. சந்திரஹாசன், இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வா என்ற எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன், வக்கீல். 1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து 1984ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அகதிகளின் வேலையை அகதிகளே செய்ய வேண்டும் என்பது அந்தக் கழகத்தின் வழி. முகாம் பிள்ளைகளையே பயிற்சி கொடுத்துத் தொண்டர்களாக்கினார்கள். பிறப்புப் பதிவும் பிள்ளைகளின் படிப்பும் அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட வேலைகள். 1985 ஆகஸ்டில் சந்திரஹாசனையே நாடு கடத்த இந்திய அரசு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. தான் இருக்கும் இடமே நிச்சயமில்லாத ஒருவர் மற்றவர்களின் காகிதத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

எங்கே கொடுப்பது

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே வந்துவிடுங்கள். அசல் எதையும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் நகராதீர்கள். அந்த எண்தான் அடுத்த மனுவின் 'பார்வை'. முகாம் விவகாரம் என்றால் சென்னையில் இருக்கும் மறுவாழ்வுத் துறை ஆணையருக்கும் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

நீங்களே செய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது, முகாமில் இருப்பவரால் செய்ய முடியாதது.

ஒன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அந்த உரிமையைக் குடிமக்களுக்கு என்று சொல்கிறது. தன் வீட்டுக் கூரைக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆயிற்று என்று கேட்க அந்த வீட்டில் இருப்பவருக்கு வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது. 2021ல் தமிழ்நாடு அரசு முகாம்களில் பழுதான 7,469 வீடுகளைக் கட்டித் தருவதாக அறிவித்தது. உங்கள் பக்கத்து முகாமுக்கு எத்தனை வீடு, எத்தனை முடிந்தது, மிச்சம் எப்போது என்று மூன்றே கேள்வி எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதே ஆண்டு மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். முகாமில் இதைப் பணக்கொடை என்பார்கள். அது முறையாக வருகிறதா என்பதையும் இதே வழியில் கேட்கலாம்.

இரண்டாவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். முகாம் அதே ஊராட்சிக்குள் இருந்தாலும் அங்கே குடியிருப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை இல்லை. ஒரு கிராமத்துக்கே உறுப்பினராக இருந்த மனிதர், தான் முப்பது வருடத்துக்கு மேலாக வாழும் ஊரின் கிராம சபையில் பேச முடியாமல் இருக்கிறார். இதை எழுதும்போதே எனக்கு மனசு கொதிக்கிறது. நீங்கள் எழுந்து முகாம் சாலைக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அவரைப் பேச வைக்கும்போது

மனு ஒரு பக்கம் நடக்கட்டும். ஊர் மக்களுக்கு விஷயம் தெரியாவிட்டால் தீர்மானத்துக்குக் கை தூக்க ஆள் வராது. ஆகவே சின்னக் கூட்டமாக, உள்ளரங்கில், ஓர் அகதியை அவர் வாயாலேயே பேசச் சொல்லுங்கள். வாசகர் வட்டம், தொழிற்சங்க அலுவலகம், தேவாலயக் கூடம் எதுவானாலும் சரி.

அதற்கு முன் சில காரியங்கள். முகாமை விட்டு வெளியே தங்க அவருக்கு அனுமதி வேண்டும். 'செக்கிங்' என்று முகாமில் சொல்கிற ஆள் தணிக்கை நாளில் அவர் அங்கே இல்லாவிட்டால் பணக்கொடையில் சிக்கல் வரும். தேதி குறிக்கும் முன் அவரிடம் கேளுங்கள், அவர் வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) சொல்லிவிட்டு வரட்டும். முகாம்களைக் கண்காணிக்கும் போலீசின் கியூ பிரிவு விசாரித்தால், யார் கூட்டினார்கள், எதற்கு என்று நீங்கள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள். சாலை மறியல், கோஷம் போடும் ஊர்வலம் இதிலெல்லாம் முகாம் ஆட்களை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். உங்கள் மேல் வழக்குப் போட்டால் ஜாமீன் கிடைக்கும், அவர்களுக்கு விளைவு வேறு. கட்சிக் கொடி, கட்சி பேனர் வேண்டாம். அரிசி மூட்டை கொடுத்துப் போட்டோ எடுப்பதும் அதே மேடையில் வேண்டாம். பேச வந்தவரை வாங்க வந்தவராக மாற்றிவிடும் அது.

மெம்பர் பேசினால் தன் கதையில் தொடங்க மாட்டார், 1947ல்தான் தொடங்குவார். ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் அவர் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். 1947 தேர்தலில் இலங்கை மலையகத் தமிழர்கள் தங்கள் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ல் ஓட்டும் போனது. 1952 தேர்தலில் அந்த 7 இடமும் இல்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் செல்வநாயகம் தன் கட்சியை விட்டு வெளியே வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டபோது, அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. "ஓட்டு இல்லாதவையளிட்ட ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்று சொல்லி நிறுத்தினார். லைன் வீடுகளிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தோட்டத்து நிலைமையை அவர்கள் அறிவார்கள். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள்.

உங்கள் ஊர்ப் பேச்சாளரும் அப்படிப் பேசட்டும். குண்டு விழுந்த கதையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவரே சொன்னால் கேளுங்கள். இருபது நிமிடப் பேச்சு, அதற்கு இரட்டிப்பாகக் கேள்வி நேரம். கூட்டம் கலையும் முன், கிராம சபையில் கை தூக்க வருகிறவர்கள் பெயரை ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் கைதட்டலோடு எல்லாம் முடிந்துவிடும்.

போட்டோ போடுவதென்றால் மேடைக்குப் பின்னாலிருந்து, கேட்பவர்கள் முகம் தெரியும்படி எடுங்கள், அதுவும் அவர்கள் சம்மதித்தால். முகாம் ஆட்களின் முகமும் பெயரும் வேண்டாம். அவர்களில் பலருக்கு ஊரில் இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது.

பதில் வந்த பிறகு

'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரியில் வந்தாலும் அதுவும் ஓர் ஆவணம். கடிதத்தில் எண்ணும் தேதியும் இருக்கும். மேல்முறையீட்டுக்கோ வழக்குக்கோ அதுதான் ஆரம்பம். வழக்கு என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். அசல் கடிதம் அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும், ஒரு நகல் முகாம் நோட்டோடு, ஒரு நகல் உங்களிடம். குடும்பத்துக்கு வாசித்துக் காட்டிப் பொருள் சொல்லுங்கள், முக்கியமாக வீட்டில் படிக்கிற பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அடுத்த மனுவை அந்தப் பிள்ளையே எழுதட்டும். முதல் வரைவைத் திருத்த மட்டும் என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். முகாம் மனுவுக்கு நான் காசு வாங்குவதில்லை.